இரண்டாவது ஊசி

வெண்மதி டாக்டருக்குப் படித்து முடித்த வருஷம், புவனகிரியில் அவள் தெருவே கையை நீட்டிக்கொண்டு நின்றது. நாடி பார், நாக்கைப் பார், முட்டிவலிக்கு ஒரு மாத்திரை சொல் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மேல்படிப்புக்கு அவள் நோயியல் எடுத்திருக்கிறாள், ஆட்களைப் பார்க்க மாட்டாள், ஆட்களின் உடம்பிலிருந்து எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள் என்று தெரிந்ததும் நீட்டிய கைகள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டன. இதற்கா இத்தனை வருஷம் என்று வாய்விட்டே கேட்டார்கள். அவள் சண்டைக்குப் போகவில்லை. அவளுக்கு எப்போதுமே பேச்சு கம்மி. நோயாளிகளோடு பேச வேண்டாம் என்பதற்காகவே இந்தப் படிப்பை எடுத்தாள் என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை.

அப்பா சின்னையன் தாலுகா ஆபீசில் டவாலி போட்ட சேவகராக இருந்தவர். மூத்தவள் பிறந்தபோது குலதெய்வத்தின் பெயரை வைத்தார், முத்தம்மாள். இளையவள் பிறப்பதற்குள் அவருக்கு மேடைப் பேச்சு கேட்கும் பழக்கம் பிடித்துக்கொண்டதால் இவள் வெண்மதி ஆகிவிட்டாள். முத்தம்மாள் எட்டாவதோடு நின்று, நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த கொளஞ்சியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கட்டிக்கொடுத்த இடத்தில் குறையொன்றுமில்லை. கொளஞ்சியப்பன் வாய் ஓயாத மனிதர். மச்சினியைப் பகடி பண்ணாமல் ஒருவேளை சோறு இறங்காது அவருக்கு. ஆனால் நுழைவுத்தேர்வு அன்று மழையில் ரோடு அறுந்து பஸ்ஸெல்லாம் நின்றுபோனபோது, விடியற்காலையில் டிராக்டரோடு வந்து, தண்ணீருக்குள்ளேயே ஓட்டிக் கடலூரில் பரீட்சை நடக்கிற பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிட்டவரும் அவர்தான். பாஸாகாவிட்டால் டீசல் காசைத் தா என்றார். அவள் பாஸாகி, பிறகு நோயியலும் எடுத்தபோது 'கண்ணாடிச் சில்லு டாக்டர்' என்று பெயர் வைத்தார்.

2004-ல், கல்யாணமான கையோடு, வெண்மதி சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் செல் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தாள். வேலை என்னவென்றால், உடம்பில் எங்கே கட்டி இருந்தாலும் மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சி, ஊசி முனையில் வருகிற துளியைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடால் இழுத்துப் பூசி, காயும் முன்னால் ஸ்பிரிட் ஜாடிக்குள் போடவேண்டும். பிறகு சாயம் ஏற்றிப் பார்க்கவேண்டும். கழுத்து, மார்புக் கட்டிகளுக்கு அவளே குத்துவாள். வயிற்றுக்குள் என்றால் ஸ்கேன் டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே குத்துவார். இவள் ஸ்லைடுகளோடு பக்கத்தில் நிற்பாள். இருப்பதிலேயே வம்பு பிடித்தது கணையம். அது முதுகுப் பக்கம் ஒட்டிக்கொண்டு, இரைப்பைக்கும் குடலுக்கும் பெரிய பெரிய ரத்தக்குழாய்களுக்கும் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. ஊசி இவற்றையெல்லாம் தாண்டிப் போய்ச் சேரவேண்டும். சில நேரம் சேராது.

மூன்றே மூன்று பதில்கள்தான் அவளிடம் உண்டு. இருக்கு. இதுல இல்ல. பத்தல, மறுபடி எடுக்கணும். ஸ்லைடில் பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டாள். இந்தக் கண்டிப்பில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

2008 ஆவணியில் புவனகிரியில் ஒரு காதுகுத்து. புழுக்கம் தாங்கவில்லை. அந்தப் புழுக்கத்திலும் கொளஞ்சியப்பன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி வேறு.

"இன்னா மாமா, மாப்ள வேஷமா?"

"உங்கக்காவுக்கு வயசாயிடுச்சி, வேற பொண்ணு பாக்கலாம்னு."

கண்ணாடியை அவளே கழற்றினாள். கண் இரண்டும் மஞ்சள். சட்டைக் கையை ஏற்றிவிட்டால், முழங்கை வரை சொறிந்து சொறிந்து கோடு கோடாகப் புண்.

காமாலை வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தங்கைக்குத் தெரிந்தால் கத்துவாள் என்று முத்தம்மாள் சொல்லவே இல்லை. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்திருக்கிறாள். உப்பில்லாத கஞ்சி, எண்ணெய் கிடையாது. பக்கத்து ஊருக்குப் போய்க் கண்ணில் சாறு விட்டுக்கொண்டும் வந்திருக்கிறார்கள். சாதாரணக் காமாலை தானாகவே இறங்கிவிடும், நல்ல பெயர் கீழாநெல்லிக்குப் போகும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இது இறங்கவில்லை.

"மாமா, வெளிக்கி எப்படிப் போவுது? கலர் என்னா?"

"பந்தில உக்காந்துகினு கேக்கற கேள்வியா இது? சுண்ணாம்பு மாதிரி போவுது, போதுமா?"

வெண்மதி இலையை மூடினாள். பித்தம் இறங்குகிற குழாயை ஏதோ ஒன்று அமுக்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அமுக்குவது என்ன என்பதுதான் கேள்வி.

ஸ்கேனில் கணையத்தின் தலைப் பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. அதோடு கணையம் முழுக்கப் பழைய கற்களும் தெரிந்தன. கொளஞ்சியப்பனுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றுவலி உண்டு. சூடு என்று விளக்கெண்ணெய் தடவியே ஓட்டிவிட்டார். இப்படிக் கல்லோடு வருஷக்கணக்காகப் புண்பட்ட கணையம் ஒரு பக்கம் வீங்கிக் கட்டிபோலத் தெரிவதும் உண்டு. அங்கேயே புற்றுநோய் வந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பாண்டிச்சேரியில் பார்த்த சர்ஜன், அடைத்த குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிப் பித்தம் இறங்க வழி பண்ணினார். பிறகு வெண்மதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கேன்சர்னா இப்பவே எடுத்துடலாம்மா. ரத்தக்குழாயத் தொடல. ரெண்டு மூணு மாசம் போச்சுன்னா நான் கை வைக்க மாட்டேன். வெறும் வீக்கம்னா இவ்ளோ பெரிய ஆபரேஷன் அவருக்குத் தேவையில்ல. ஊசி போட்டுப் பாத்து எனக்குச் சொல்லுங்க."

இவ்வளவும் முத்தம்மாளுக்கும், கொளஞ்சியப்பனின் அண்ணன் சாமிக்கண்ணுவுக்கும் வெண்மதி சொன்னாள். அவருக்குச் சொல்லக்கூடாது என்று இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பேரைக் கேட்டால் ஆள் பாதி செத்துவிடுவான் என்றார் சாமிக்கண்ணு. எந்த வீட்டில்தான் சொல்கிறார்கள்? வெண்மதியும் சரி என்று வாக்குக் கொடுத்தாள். நாற்பத்தேழு வயது ஆம்பிளை, வயிற்றுக்குள் என்ன இருக்கலாம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பிறகும் தெரியாமல், "அல்சர் முத்திடுச்சி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வாரமே வீட்டார் விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினார்கள். அந்தச் சாமியிடம் வேண்டிக்கொள்வது மட்டுமில்லை, வழக்கே போடலாம். களவு போனவன், ஏமாந்தவன், நோயில் விழுந்தவன் எல்லாரும் இன்னாருக்கு இன்ன குறை, விசாரித்துத் தீர்த்து வை என்று பேரும் ஊரும் போட்டு எழுதி, பூசை வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். குறை தீர்ந்ததும் மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்கவேண்டும். வாங்காமல் விடுவது சாமி குற்றம். தன் பேரை வைத்திருப்பவனைச் சாமி கைவிடாது என்பது முத்தம்மாளின் நம்பிக்கை.

ஊசி போட்ட அன்று வெண்மதி ஸ்லைடுகளோடு நின்றாள். "இன்னா டாக்டரம்மா, எனக்கும் சில்லு ரெடியா?" என்று படுத்தபடியே கேட்டார் மாமா. பித்தம் இறங்க ஆரம்பித்து அரிப்பு நின்றுபோயிருந்ததால் ஆள் தெளிவாக இருந்தார். இரண்டு முறை ஊசி போனது. இரண்டாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது முறை வேண்டாம், ரத்தம் ஜாஸ்தி வருகிறது என்று ஸ்கேன் டாக்டர் நிறுத்திவிட்டார்.

சாயம் ஏற்றிப் பார்த்தால் ஸ்லைடு நிறைய ரத்தம். நடுநடுவே செல்கள் விரிப்பு விரிப்பாக, தேனடை அறைகள் போல ஒழுங்காக அடுக்கியிருந்தன. இவை கணையத்துச் செல்களே இல்லை. போகிற வழியில் ஊசி முன்சிறுகுடலின் சுவரைச் சுரண்டிக்கொண்டு வந்தவை. ஒரே ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கூட்டம், குடித்துவிட்டு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்தது போல வரிசை குலைந்து கிடந்தது. ஒன்றின் உட்கரு சிறியது, பக்கத்திலிருப்பதன் உட்கரு மூன்று நான்கு மடங்கு பெரியது. வெண்மதி அந்த ஓரத்தையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆனால் கூட்டம் ஒன்றுதான். புண்பட்ட கணையத்திலும் இப்படி வரும். சொந்தக்காரர் ஸ்லைடு என்பதால் துறைத்தலைவர் டாக்டர் உத்திராபதியிடம் கொண்டுபோய் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இதை வெச்சி ஒருத்தர் வயித்தக் கிழிக்க முடியாதும்மா. இல்லன்னும் விட முடியாது. மறுபடி எடுத்தாகணும், சீக்கிரம்."

வெளியே வராந்தாவில் சாமிக்கண்ணுவும் முத்தம்மாளும் எழுந்து நின்றார்கள். வெண்மதி ஆரம்பித்தாள், ஊசி எங்கே போனது, எது வந்தது, எது வரவில்லை என்று. சாமிக்கண்ணு கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எங்களுக்குப் புரியாது பாப்பா. ஒரே வார்த்தைல சொல்லு. கேன்சர் இருக்குதா, இல்லியா?"

"இதுல இல்ல மாமா. ஆனா..."

சாமிக்கண்ணு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். முத்தம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த 'ஆனா'வை யார் கேட்டார்கள்? வெண்மதி திரும்பத் திரும்பச் சொன்னாள், மறுபடி எடுக்கவேண்டும் என்றும் சொன்னாள். எடுக்கலாம் எடுக்கலாம் என்று தலையாட்டினார்கள். அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் விட்டாள். அங்கேதான் விட்டிருக்கக்கூடாது. தோளைப் பிடித்து உலுக்கியாவது சொல்லியிருக்கவேண்டும். அவள் பழக்கம் அப்படியில்லை. அவர்கள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேருவதற்குள் நெல்லிக்குப்பத்தில் தெருவுக்கே 'ஒன்றுமில்லை' என்று தெரிந்துவிட்டது.

பித்தம் இறங்க இறங்க மஞ்சள் வெளுத்தது. கண் வெள்ளையானது. கொளஞ்சியப்பன் கறிக்குழம்பு கேட்டார், சதை போட்டார். அது செருகி வைத்த பிளாஸ்டிக் குழாயின் வேலை. கட்டி உள்ளே அப்படியேதான் இருந்தது. ஆனால் பார்க்கிற கண்ணுக்கு நோய் போய்விட்டது. புரட்டாசி கழிந்ததும் ஒரு வேன் பிடித்து எல்லோரும் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினார்கள். முனியப்பருக்குக் கிடா வெட்டி அங்கேயே ஆக்கித் தின்றுவிட்டு வந்தார்கள். வெண்மதிக்கும் கறி வந்தது.

அடுத்த ஞாயிறே அவள் நெல்லிக்குப்பம் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். மழைக்காலம் முழுக்கப் போனாள். முத்தம்மாள் முதலில் சிரித்து மழுப்பினாள், பிறகு மழுப்பவும் இல்லை.

"பிராத வாபஸ் வாங்கியாச்சி. இப்ப போயி மறுபடியும் ஊசி குத்தறேன்னா, சாமி சொன்னது பொய்யின்னு நாமளே சொல்றாப்புல ஆவாதா?"

"சாமிய விடுக்கா. நான் சொன்னத நீங்க முழுசா கேக்கல. அன்னிக்கு ஊசி கட்டிக்குள்ள சரியாவே போவல."

"போவலன்னா நல்லதுதான். கட்டில கத்தி பட்டா, ஊசி பட்டா பரவிடும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. பரவி எதுனா ஆச்சின்னா நீயா வந்து பாப்ப?"

"ஊசியால பரவாதுக்கா. நான் தெனமும் பாக்கறேன்."

"நீ கண்ணாடியப் பாக்கற. நான் அவரப் பாக்கறேன். மூணு தட்டு சோறு துன்றாரு." முத்தம்மாள் குரல் உயர்ந்தது. "அவருக்கு அது இருந்தாத்தான் உனக்கு நிம்மதியாடி?"

இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வேறு எவளாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பாள். வெண்மதி மார்கழியில் இன்னொரு தடவை போனாள், இந்த முறை வீட்டுக்கு இல்லை. ஆலையில் அரவை தொடங்கியிருந்தது. ரோட்டோரம் கரும்பு டிராக்டர்களும் மாட்டு வண்டிகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நின்றன. மாமா டிராக்டரின் மட்காடில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தது அவள் கண்ணில் பட்டது. போட்ட சதை திரும்ப இறங்க ஆரம்பித்திருந்தது.

"வா வா. ஆஸ்பத்திரிய மூடிட்டாங்களா, கரும்பு வெட்ட வந்துட்ட?"

"மாமா, அந்த ஊசி இன்னொரு தடவ போட்டுப் பாத்துடலாம்."

"ஒண்ணும் இல்லன்னு நீதான சொன்ன?"

"அன்னிக்கு வந்தது பத்தல மாமா."

"பத்தலன்னா? எதுக்குப் பத்தல?" அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னாமோ இருக்குதுன்னு நெனக்கிறியா?"

அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வண்டியை அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்திருப்பார் என்றுதான் வெண்மதி கடைசிவரை நம்பினாள். வாய்வரை வந்தது. வாக்குக் கொடுத்திருந்தாள், அக்காவின் கை தன் கைமேல் இருந்தது நினைவுக்கு வந்தது. வராந்தாக்களில் எத்தனையோ குடும்பங்கள் இப்படி மறைப்பதைப் பார்த்து முகம் சுளித்தவள்தான்.

"சும்மா, ஒரு சந்தேகத்துக்குத்தான் மாமா."

"சந்தேகத்துக்கெல்லாமா வயித்துல குத்திக்குவாங்க? உங்கக்காவக் கேளு. அவ சரின்னா வரேன்." முன்வண்டி நகர்ந்தது. அவர் ஏறி உட்கார்ந்து டிராக்டரைக் கிளப்பினார்.

மாசியில் முதுகுவலி வந்தது. படுத்தால் வலி, குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தேவலாம். கறிக்குழம்பைப் பார்த்தாலே குமட்டல். பங்குனியில் முத்தம்மாள் தானாகவே அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஸ்கேனில் ஈரல் முழுக்கப் புள்ளிகள். வயிற்றுக்குள் அங்கங்கே நீர். பாண்டிச்சேரி சர்ஜன் போனில் கேட்டுவிட்டு, இனிமேல் தனக்கு வேலையில்லை என்றார்.

ஊசி இந்த முறை ஈரலுக்குப் போட்டார்கள். ஊசிக்கு ஒரு சிரமமும் இல்லை, எங்கே குத்தினாலும் அதுதான். ஸ்லைடில் கூட்டம் கூட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, உட்கருக்கள் பெருத்தும் கோணியும் கறுத்தும் கிடந்தன. படிக்க வந்த பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு எடுத்துவைப்பார்களே, அந்த மாதிரி ஸ்லைடு. உத்திராபதியிடம் கொண்டுபோகத் தேவையில்லாமல் இருந்தது. இருந்தாலும் கொண்டுபோனாள். அவர் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, அவள் தோளில் கை வைத்தார்.

வராந்தாவில் இந்த முறை முத்தம்மாள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து, கண்ணெல்லாம் உள்ளே போய், தங்கையைவிட இருபது வயது மூத்தவள் போலத் தெரிந்தாள்.

"இருக்குதா?"

"இருக்குதுக்கா."

முத்தம்மாள் அழவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னிக்கே இருந்துச்சா?"

வெண்மதியிடம் அவ்வளவு வருஷத்தில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆமாம், அன்றைக்கே இருந்தது, நீ இரண்டாவது ஊசிக்கு விட்டிருந்தால் ஆபரேஷன் பண்ணியிருக்கலாம் என்பதுதான் பதில். பண்ணியிருந்தாலும் பிழைத்திருப்பாரோ என்னவோ. சில வருஷமாவது கிடைத்திருக்கலாம். இதைச் சொன்னால் அக்கா இந்த வராந்தாவிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போவாள். ஆனால் மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவாள்? தாலி அறுகிற துக்கமே போதாதா, தன் கையாலேயே அறுத்துக்கொண்டோம் என்பதையும் சேர்த்து அவள் தலையில் ஏற்றவேண்டுமா?

"அன்னிக்கு இல்லக்கா. இது அப்பறம் வந்ததுதான்."

பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்காதவள் ஸ்லைடைப் பற்றிச் சொன்ன முதல் பொய் இது. முத்தம்மாள் தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆறுதல் இருக்கும் என்று வெண்மதி எதிர்பார்த்திருந்தாள். இல்லை.

"அப்பன்னா ஊசி குத்துனதாலதான் வந்துச்சி," என்றாள் முத்தம்மாள்.

மறுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். பழி தன்னோடு போகட்டும் என்று வெண்மதி விட்டுவிட்டாள்.

கொளஞ்சியப்பன் 2009 வைகாசியில் இறந்தார். கடைசிவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தபோதும் வெண்மதியைப் பார்த்து, "சில்லு டாக்டர் வந்துட்டா, நாற்காலி போடுங்க" என்றுதான் சொன்னார். எடுக்கிற அன்று ஒப்பாரிக்கு நடுவில் முத்தம்மாள், "கூடப் பொறந்தவளே குத்திப் பரப்பிட்டாளே" என்று பாடி அழுதாள். வந்திருந்த தெரு முழுக்கக் கேட்டது. யாரோ ஒருத்தி அக்காவின் வாயைப் பொத்தினாள். வெண்மதி பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பின் அக்கா நேரே பேசவில்லை. கருமாதிக்கும், வருஷ திவசத்துக்கும், மகன் ராஜ்கமல் நிச்சயதார்த்தத்துக்கும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். வெண்மதி போவாள், சாப்பிடுவாள், வருவாள். வெண்மதியின் வீட்டுக்காரருக்குக் கடலூருக்கு மாற்றலானதும் அவள் சிதம்பரத்து வேலையை விட்டுவிட்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். பொய் சொன்னதைப் பற்றி அவளுக்கு வருத்தமே இல்லை. அக்கா என்னை வெறுத்தாவது தன்னைத்தானே வெறுக்காமல் இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள்.

2012 தை. தானே புயல் அடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. பறந்து வந்த தகரத்தில் கை கிழிந்து தையல் போடப் போன ஒரு பெண்ணை, மார்பில் கட்டி இருக்கிறது, ஊசி போட்டுப் பார்த்துவிட்டு வா என்று அங்கிருந்த நர்ஸ் அனுப்பியிருந்தாள். ராசம்மாள் என்று பேர். வந்தவள் மேசையில் படுக்க மாட்டேன் என்றாள்.

"ஊசின்னா வேணாம்மா. அதுபாட்டுக்குக் கெடக்குது. ஒரு வருசமா இருக்குது, ஒண்ணும் பண்ணல."

வெண்மதி தொட்டுப் பார்த்தாள். கல்போல இருந்தது, ஆனால் அசைந்தது. அக்குளில் எதுவும் தட்டுப்படவில்லை. இன்னும் நேரம் இருந்தது. "வலிக்காதும்மா, ஒரு நிமிஷம்தான்," என்றாள்.

"வலிக்கு இல்லம்மா. எங்கூரு நெல்லிக்குப்பம். எங்க தெருல கொளஞ்சியப்பன்னு ஒருத்தரு, டிராக்டரு வெச்சிருந்தாராம், நாங்க குடிவரதுக்கு முன்னாடியே போயிட்டாரு. நல்லா மூணு தட்டு சோறு துன்ன மனுசனாம். ஊசி குத்தப் போயிதான் ஈரல் பூரா பரவிச்சி. குத்துனது யாருன்னா, பொண்டாட்டியோட தங்கச்சியே. அவளும் டாக்டரு. அவளே சொன்னாளாம், மொத இல்ல, அப்பறம்தான் வந்துச்சின்னு. எங்க தெருல அதுலேருந்து யாரும் ஊசிக்கு ஒத்துக்கறதில்ல. லூர்துசாமி பொண்டாட்டிக்குக் கழுத்துல வந்துச்சி, அவளும் வேணான்னுட்டா. போன வருசம் செத்தா."

சொல்லிவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். வெண்மதி ஊசியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். லூர்துசாமி பெண்சாதியை அவளுக்குத் தெரியும். ராஜ்கமல் நிச்சயதார்த்தத்தில் அவளுக்கு இலை போட்டவளே அந்தப் பெண்தான். தான் அக்காவுக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் தெருவுக்குள் புகுந்து ஆள் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் போனாள். நெல்லிக்குப்பம் ரோட்டில் விழுந்த மரங்களை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். முத்தம்மாள் பின்கட்டில் நனைந்த அரிசியை உலர்த்திக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். வெண்மதி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.

"அக்கா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அன்னிக்கே இருந்துச்சி. ஊசியால பரவல. மொத ஊசி அங்க சரியாப் போயிச் சேரல. ரெண்டாவது ஊசி போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், எடுத்திருக்கலாம்."

முத்தம்மாளின் கை அரிசியில் அப்படியே நின்றது.

"உனக்குத் தாங்காதுன்னு சொல்லல. இப்ப அதையே சொல்லிச் சொல்லி ஊர்ல யாரும் ஊசிக்கு வரமாட்டேன்றாங்க. லூர்துசாமி வீட்டுது செத்துச்சி. ராசம்மாளுக்கு மார்ல கட்டி. இப்ப வந்தா காப்பாத்திடலாம். நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

முத்தம்மாள் அரிசியைக் கிளறினாள், மறுபடி கிளறினாள். பிறகு எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தங்கையைத் தாண்டி வாசலுக்குப் போனாள். வெண்மதி பின்னாலேயே போனாள். ராசம்மாள் வீட்டுக் கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். முத்தம்மாள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"ராசம்மா, ஊசிக்குப் போ. எங்கூட்டுக்காரர ஊசி கொல்லல. ரெண்டாவது ஊசி போடணும்னு இவ நடையா நடந்தா. நான்தான் வேணான்னேன். நான்தான் அவரக் கொன்னது."

தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். வெண்மதி அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். முத்தம்மாள் உதறிவிட்டாள்.

ராசம்மாள் அந்த வாரமே வந்து படுத்தாள். ஸ்லைடில் இருந்தது. இருக்கு என்று வெண்மதி அவளிடமே சொன்னாள், வெளியே நின்ற மகனிடம் சொல்லவில்லை. பாண்டிச்சேரியில் எடுத்தார்கள், நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி. அதன்பின் நெல்லிக்குப்பத்திலிருந்து இரண்டு பேர் தானாகவே வந்தார்கள்.

ராஜ்கமல் கல்யாணம் ஆவணியில் நடந்தது. பத்திரிகை வரவில்லை, ஆளும் வந்து சொல்லவில்லை, ஊசிக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டதில்தான் அவளுக்கு நாள் தெரிந்தது. ஊசி குத்திக் கொன்றவள் என்று நினைத்திருந்த வருஷங்களில்கூட முத்தம்மாள் தங்கைக்கு ஒருத்தரையாவது அனுப்பிச் சொல்லிவிடுவாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வெண்மதி பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, முகூர்த்த நேரம் தாண்டும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் உலை வைத்தாள்.